கம்பைநல்லூரிலிருந்து ஒரு பரிந்துரை

அனுப்புநர்: ஊர்ப் பொதுநலன் விரும்பி, கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: தலைவர் அவர்கள், ஃபிஃபா தலைமையகம், ஜூரிச்.

பொருள்: எங்கள் தெருத் தம்பிக்குத் தங்கள் நிர்வாகத்தில் வேலை கோருதல் – சார்பு.

பார்வை: 1. இங்கிலாந்து கால்பந்துச் சங்கத் தீர்மானம், நாள் 5.12.1921.
2. தங்கள் முன்னாள் தலைவர் செப் பிளாட்டரின் அருள்வாக்கு, ஜனவரி 2004.

ஐயா,

வணக்கம். தம்பி கால்பந்து நிர்வாகத்துக்கென்றே பிறந்தவர். பந்தைத் தொட்டதில்லை, ஆனால் பெண்கள் ஆடும் படம் எது கண்ணில் பட்டாலும் கீழே கருத்துச் சொல்லாமல் விடமாட்டார். அம்மா சுட்டுப்போட்ட நாலாவது தோசையை வலது கையால் பிய்த்தபடியே, இடது கைக் கட்டைவிரலால் 'போய் அடுப்பைப் பாரும்மா' என்று தட்டுவார். அந்த லாவகத்தை நேரில் பார்க்க வேண்டும்.

இதைப் பொறுக்கித்தனம் என்கிறார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். 'பொம்பளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்?' என்கிறார் தம்பி. பார்வை 1-உம் அதைத்தானே சொல்கிறது? 1920-இல் லிவர்பூலில் பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே, பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்று மைதானங்களை அடைத்தார்கள். திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டாயிற்று. தம்பியின் அடுத்த கருத்து கால்சட்டை பற்றியது. பெண்கள் இன்னும் இறுக்கமான கால்சட்டை போடலாமே என்று பிளாட்டரே சொல்லியிருக்கிறார். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னார். தம்பி இலவசமாகச் சொல்கிறார்.

2023 உலகக் கோப்பையில் ஆடிய பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இணையத்தில் வசவோ மிரட்டலோ வந்ததாகத் தாங்களே கணக்கெடுத்தீர்கள். முந்தைய ஆண்டு ஆண்கள் கோப்பையில் ஆடியவர்களைவிட இவர்கள் குறிவைக்கப்படும் வாய்ப்பு 29 விழுக்காடு அதிகமாம். அதே கோப்பையின்போதுதான், கதவு திறந்தே இருக்கிறது, பெண்கள் தள்ளினால் போதும் என்றும் அருளினீர்கள்.

தள்ளத்தான் செய்கிறார்கள். 2023-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வென்றார்கள். 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என வென்று இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. அந்த இரண்டு நாளும் தம்பி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆட்டம் நடந்ததே அவருக்குத் தெரியாது.

ஆகவே அவருக்கு ஆவன செய்ய வேண்டுகிறேன். காலியிடம் இல்லையென்றால், மேற்படி கருத்துகளை முதலில் சொன்னவர்கள் கோட்டு போட்ட பெரியவர்களே என்று ஒரு சான்றிதழாவது தாருங்கள். பழி முழுக்கத் தம்பி தலையில் விழுகிறது, பாவம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொதுநலன் விரும்பி