ஐந்தாம் தந்தியைத் தேடுபவர்

மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் காணப்படும் பேஸ் கிட்டார் கலைஞர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். நான்கு தந்தி பேஸை வைத்துக்கொண்டு வாசிப்பவர் ஒரு வகை. ஐந்து தந்தி பேஸ் ஒன்றை வாங்கவிருப்பதால் இப்போதைக்கு வாசிப்பைச் சற்று ஒத்திவைத்திருப்பவர் மற்றொரு வகை. இங்கு ஆராயப்படுபவர் இரண்டாம் வகையினர். சென்னையில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இசைக்கருவிக் கடை எதிலும் சனிக்கிழமை மாலையில் தாமாகவே தென்படுவார். மாதச் சம்பளக்காரர், மணமானவர் அல்லது மணம் பேசப்பட்டுக்கொண்டிருப்பவர், இதற்கென ஒதுக்கி வைத்திருக்கும் பணம் முப்பதாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடைப்பட்டது. மலிவானதை வாங்கத் தன்மானமும் உயர்ந்ததை வாங்கச் சம்பளமும் இடம் தராத இந்த நடுத்தரத் தொகைதான் அவரை உருவாக்குகிறது என்று கொள்ளலாம். பத்தாயிரம் ரூபாயோடு வருபவர் இருப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மூன்று லட்சத்தோடு வருபவர் பிடித்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இடையில் நிற்பவருக்கு மட்டுமே ஆராய்ச்சி என்னும் கடமை வந்து சேர்கிறது.

ஐந்தாவது தந்தி எதற்கு என்று கேட்போருக்கு அவர் தரும் விளக்கம் நியாயமானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கமான பேஸின் நான்கு தந்திகளில் ஆகத் தாழ்ந்தது ‘ஈ’, அதாவது நம்மூர்க் கணக்கில் மூன்று கட்டை. பாடகர் இரண்டு கட்டையிலோ இரண்டரைக் கட்டையிலோ பாடத் தொடங்கினால், அந்தப் பாட்டின் ஆதார சுருதி பேஸின் கடைசித் தந்திக்கும் கீழே போய்விடுகிறது. வாசிப்பவர் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஏறி நின்று, கிணற்றில் விழுந்த வாளியை எட்டிப் பார்ப்பவர்போல வாசிக்க நேரிடுகிறது. ‘ஈ’க்குக் கீழே ‘பி’ என்னும் தந்தியைச் சேர்த்தால் இக்குறை தீர்ந்துவிடும். ‘ஈ’ நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகளும் ‘பி’ சுமார் 31 அதிர்வுகளும் கொண்டவை. மனிதக் காதின் கீழெல்லை 20 என்பதால், ‘பி’ கேட்கப்படுவதைவிட நெஞ்சுக்கூட்டில் உணரப்படுவதே அதிகம். அவருடைய குழு இரண்டு கட்டையில் பாடுவது ஆண்டுக்கு எத்தனை பாடல்கள் என்பது வேறு கேள்வி. அதை அவரிடம் யாரும் கேட்பதில்லை, கேட்டவர்களோடு அவர் பேசுவதில்லை.

வரலாற்றை அவர் கரைத்துக் குடித்திருக்கிறார். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், 1965இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஐந்து தந்தி பேஸில் கூடுதல் தந்தி கீழே சேர்க்கப்படாமல் மேல்சுருதிப் பக்கம் சேர்க்கப்பட்டதும், அது எடுபடாமற்போனதும் அவருக்கு மனப்பாடம். 1970களின் நடுப்பகுதியில் ஜிம்மி ஜான்சன் என்னும் கலைஞர் அலெம்பிக் நிறுவனத்தின் ஐந்து தந்திக் கருவியில் தாழ்ந்த ‘பி’யைப் பூட்டினார் என்பதையும், சிந்தசைசர் பேஸ் பாதாளம் வரை இறங்கி வாசித்த 1980களில் கலைஞர்களும் கீழே இறங்க வேண்டியதாயிற்று என்பதையும், 1987இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 வந்ததையும் திருமண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அவர் சொல்லி முடிப்பதற்குள் மோர்ச்சோறு வந்துவிடும்.

வரலாற்றைவிட அவருக்கு உகந்தது கணிதம். தந்தியின் ஒலிக்கும் பகுதியின் நீளம், அதாவது தலைப்பக்கத்து நட்டிலிருந்து குதிரை வரையிலான தூரம், பேஸில் பொதுவாக 34 அங்குலம்; குதிரை என்பது வீணையில் உள்ளதுபோலத் தந்திகளைத் தாங்கும் உறுப்பு. அதே நீளத்தில் தாழ்ந்த சுருதியைப் பெறத் தந்தியைத் தடிப்பாக்க வேண்டும் அல்லது தளர்த்த வேண்டும். தளர்த்தினால் அது கொடிக்கயிறுபோல ஆடும். தடிப்பாக்கினால் விறைத்து, மேல்நாதங்கள் சுருதி பிசகும். இதற்கு மாற்றாகச் சிலர் 35 அங்குலக் கருவி செய்கிறார்கள். இறுக்கம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், அந்த ஓர் அங்குலம் நூற்றுக்குச் சுமார் ஆறு பங்கு இறுக்கத்தைத் தருகிறது. இந்த ஆறு பங்கைப் பற்றி அவர் செலவிட்ட இரவுகளில் ஓர் அயல்மொழியைக் கற்றிருக்கலாம். தந்திகளின் இடைவெளி அடுத்த தலைவலி. பழைய நான்கு தந்திக் கருவிகளில் குதிரையருகே 19 மில்லிமீட்டர் வழக்கம். ஐபனேஸ் எஸ்ஆர் வகையின் ஐந்து தந்திக் கருவிகளில் 16.5 மில்லிமீட்டர். ஓர் இடைவெளிக்கு இரண்டரை மில்லிமீட்டராக நான்கு இடைவெளிக்கு ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு. அந்த ஒரு சென்டிமீட்டரை அவர் தம் வலக்கை விரல்களோடு ஒப்பிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து கோடுகள் கிழித்துப் பயிற்சி செய்திருக்கிறார். துடைத்தும் போகாத அந்தக் கோடுகளுக்கான காரணம் இன்றுவரை வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

ஆராய்ச்சியின் பெரும்பகுதி கைப்பேசியில், நள்ளிரவில், படுக்கையில் நடைபெறுகிறது. யமஹாவின் ‘பி’ கெட்டியானதா, மார்கஸ் மில்லர் பெயரில் வரும் சைர் கருவியின் ‘பி’ கெட்டியானதா என்று காணொளிகளை மாற்றி மாற்றிக் கேட்டு அவர் தீர்ப்பு எழுதுகிறார். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் 31 அதிர்வு அடிநாதத்தை எழுப்ப இயலாது. மேல்நாதங்களை மட்டும் கேட்டு, அடிநாதத்தை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே அவர் ஒப்பிட்டு எடைபோட்ட இரண்டு ‘பி’களும் அவருடைய மூளையே தயாரித்தவை.

இசைக்கருவிக் கடைகள் சென்னைக்குப் புதியவை அல்ல. அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் 1842இல் தொடங்கப்பட்டது. பார்த்துவிட்டுப் போக மட்டும் வருவோரை இவ்வூர்க் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். ஆனாலும் இவருடைய வருகை தனிச் சடங்கு. கடைப் பையன் கருவியை எடுத்துக் கொடுத்ததும் அவர் பாட்டு எதையும் வாசிப்பதில்லை. முதலில் தோள்வாரில் மாட்டிக்கொண்டு இரு கைகளையும் விட்டுவிடுகிறார். தலைப்பக்கத்தில் ஐந்து பிரடைகளின் கனம் இருப்பதால் சில கருவிகளின் தண்டி தரையை நோக்கிச் சரியும். சரிந்தால் முகம் வாடும். பிறகு ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி பிடிப்பவர்போலத் தண்டியின் நேர்மையைப் பார்க்கிறார். அதற்குப் பிறகே, ‘பி’ தந்தியை ஒரே ஒரு முறை சுண்டிவிட்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கண்களை மூடி, அந்த நாதம் தேய்ந்து முற்றிலும் அடங்கும் வரை நிற்கிறார். பக்கத்தில் கீபோர்டு சோதித்துக்கொண்டிருக்கும் சிறுவனை அந்தச் சில நொடிகளுக்கு அமைதி காக்குமாறு சைகை செய்வதும் உண்டு. கண் திறந்ததும், “கொஞ்சம் லூசா இருக்குல்ல தம்பி?” என்கிறார்.

“சார், போன மாசமும் இதே பீஸைத்தான் பார்த்தீங்க. டைட்டா இருக்குன்னு சொன்னீங்க” என்கிறான் பையன்.

இதைக் கேட்டு அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்ப்பது அவரை அறியாதவர்களின் பிழை. போன மாதம் காற்றில் ஈரப்பதம் வேறு என்றும், தண்டிக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்னும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் திருகினால் எல்லாம் மாறும் என்றும் பையனுக்கே பாடம் எடுத்துவிட்டு, கருவியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பிக் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறார். பிக் என்பது தந்தியை மீட்டும் சிறு நெகிழித் தகடு. அவர் விரலால் வாசிப்பவர்.

வீட்டில் இந்தத் தேடலுக்குப் பெரிய எதிர்ப்பு இருப்பதில்லை, வாங்காதவரை செலவில்லை என்பதால். “இருக்கிற நாலையும் முதல்ல ஒழுங்கா வாசிங்க” என்று மனைவி சொல்லும் ஒற்றை வாக்கியம் மட்டும் அவ்வப்போது காதில் விழும். அதற்குச் சான்றாக நிற்கும் பெயர்களை அவர் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறார். மோட்டவுன் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் நான்கு தந்தி பிரிசிஷன் பேஸில், வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். அறுந்தாலொழியத் தந்தி மாற்றாதவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஹாஃப்னர் பேஸைச் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கினார். ஃபெண்டர் வாங்கக் கையில் பணமில்லை, இடக்கைக்காரருக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் பொருந்தும் வடிவம் என்பவையே காரணங்கள். நடுத்தரத் தொகையில் பேஸ் வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடையாது. ஆனால் மெக்கார்ட்னி குதிரையருகே இடைவெளியை அளந்தாரா என்பது பதிவாகவில்லை என்று சொல்லி அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

என்றாலும் எல்லாத் தேடலுக்கும் ஒரு தீபாவளிச் சலுகை உண்டு. இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் வாரத்திலேயே பார்த்து ஒதுக்கிய அதே கருவியை அவர் வாங்கி வருகிறார். சில மாதங்கள் கழித்து மேடையருகே நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும்: பாட்டு முழுவதும் அவருடைய விரல்கள் மற்ற நான்கு தந்திகளில்தான் நடக்கின்றன, ஐந்தாம் தந்தியின்மீது வலக்கைப் பெருவிரல் வாகாகச் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. இதைக் குறை என்று சொல்ல இயலாது. ஐந்து தந்தி வாசிப்போர் பலரும் பெருவிரலை அங்கேதான் வைக்கிறார்கள், கை நிலைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடமும் இல்லை. எப்போதாவது ஒரு பாடகி இரண்டு கட்டையில் தொடங்கும்போது பெருவிரல் எழுந்து வழிவிட, அந்த ஒற்றைத் தாழ்ந்த நாதம் மேடைப் பலகையை அதிரச் செய்கிறது. அவர் முகத்தில் அப்போது தோன்றும் ஒளியைக் கண்டவர்கள் இரண்டரை ஆண்டுகளையும் மன்னித்துவிடுவார்கள்.

அந்த நாதம் எழாமற்போவதும் உண்டு. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ஒலியைத் திருத்தும் பிரீ ஆம்ப் ஒன்று உள்ளே இருக்கிறது. அது 9 வோல்ட் பேட்டரியால் இயங்குகிறது. கேபிளைச் செருகியவுடன் பேட்டரி செலவாகத் தொடங்கி, உருவும் வரை செலவாகிக்கொண்டே இருக்கும். மில்லிமீட்டர் கணக்கெல்லாம் அறிந்த அவர் ஒத்திகை முடிந்ததும் கேபிளை உருவ மறந்துவிடுவார். ஆகவே இத்தகையவரோடு மேடையேறும் வாசகர்கள் தயவுசெய்து போகும் வழியில் அந்தக் கேபிளை உருவிவிட்டுப் போகவும்.