ஈ: ஓரெழுத்து, இரு பொருள், ஒரு தீவு

தமிழில் 'ஈ' என்பது ஓரெழுத்து ஒருமொழி. இலையில் உட்காருவதும் ஈ. இல்லாதவன் கையேந்திக் கேட்பதும் ஈ. தொல்காப்பியர் இரண்டாவது ஈயை மட்டும் எடுத்துக்கொண்டு, தாழ்ந்தவன் கேட்டால் 'ஈ', சமமானவன் கேட்டால் 'தா', உயர்ந்தவன் கேட்டால் 'கொடு' என்று முறை வகுத்துவிட்டுப் போனார். பூச்சி ஈக்கும் கொடை ஈக்கும் என்ன உறவு என்று அவரும் சொல்லவில்லை, உரையாசிரியர்களும் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கான சான்று அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலக் கடலோரத்தில், மார்த்தாஸ் வின்யார்ட் என்னும் தீவில் கிடக்கிறது. அவர்களில் எவருக்கும் அங்கே மகள் இல்லை. எனக்கு இருக்கிறாள்.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரு செப்டம்பரில் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கே போனேன். பேரன் காலையில் பள்ளிக்குப் போய்விடுவான். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். மீதமிருந்தவை நானும் பக்கத்து வீடும். இந்த நிலையில் ஆய்வு ஒன்று பிறப்பதை யாரால் தடுக்க முடியும்?

ஆய்வுக் களம் பற்றிச் சுருக்கமாக. வுட்ஸ் ஹோல் துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். தீவில் ஆறு ஊர்கள். குளிர்காலத்திலும் அங்கேயே கிடப்பவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். 1974இல் 'ஜாஸ்' படத்தை இங்கேதான் எடுத்தார்கள். உலகத்தையே கடலில் கால் வைக்க அஞ்சச் செய்த அதே தண்ணீரில், இந்த ஊர்க்காரர்கள் நடுநிசியில் இடுப்பளவு ஆழத்தில் நின்று சாட்டை சுழற்றுகிறார்கள். அந்தச் சாட்டையின் நுனியில் இருப்பதுதான் நம் முதல் ஈ.

கடலில் ஈ ஏது எனின், இல்லை என்க. ஆற்றில் வாழும் டிரவுட் மீன் நீர்மேல் விழும் பூச்சியைத் தின்னும். அந்தப் பூச்சியைப் போலவே இறகாலும் மயிராலும் ஒன்று கட்டி, முள்ளை அதற்குள் ஒளித்து, அதையும் ஈ ('ஃப்ளை') என்றே அழைத்து வீசுவது பழைய வித்தை. அந்த வித்தை கடலுக்கு வந்தபோது பூச்சி போய்ச் சிறுமீன் வடிவம் வந்தது. பெயர் மட்டும் ஈயாகவே நின்றுவிட்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வாங்கும்போது யார் எள்ளைத் தேடுகிறார்கள்?

இந்தப் போலிகளில் புகழ்பெற்றது லெஃப்டி கிரே கட்டிய 'டிசீவர்'. வஞ்சகன் என்று பொருள். 1991இல் அது அமெரிக்கத் தபால்தலையிலேயே ஏறிவிட்டது. வஞ்சகர்கள் தபால்தலையில் ஏறுவது புதிதல்ல, பெயரோடு ஏறியதுதான் புதிது. சேவல் இறகு, மான்வால் மயிர் கொண்டு கட்டுவார்கள். முதுகுக்குச் சிலர் மயிலிறகின் இழைகளைப் போர்த்துவார்கள். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். இங்கே மயிலிடமிருந்து வாங்கிப் போலி மீனுக்குப் போர்த்துகிறார்கள். கொடைக்கணக்கு எப்படியோ ஒருநாள் நேராகிவிடுகிறது.

ஈக்கு எடை கிடையாது. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே நூல்தான் கனம், அது ஈயைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒன்பதடிக் கழியை முன்னும் பின்னும் வீசி, நூலைக் காற்றில் நீட்டி, பிறகு விட வேண்டும். மிச்ச நூல் அலையில் சிக்காமலிருக்க இடுப்பில் ஒரு கூடை கட்டிக்கொள்கிறார்கள். கடையில் அழகாக விற்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டியிருந்தது பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டி, ரப்பர் கயிற்றோடு. அவர் மனைவியிடம் விசாரித்தேன். அது தம்முடையது என்பதை அவர் உறுதிப்படுத்தினார். எப்போது காணாமல் போனது என்பதையும் சொன்னார்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெரியவரே. உரிமச்சீட்டு பத்து டாலர். அறுபது வயதானவர்களுக்கு இலவசம். ஆக முதலில் ஈந்தது அரசு. மூன்றாம் நாள் எதிர்க்காற்றில் வீசி என் காதுமடலிலேயே முள்ளைப் பொருத்திக்கொண்டேன். பெரியவர் முள்ளின் வளைவில் ஒரு நூலை மாட்டி, அதன் தண்டைத் தோலோடு அழுத்தி, சட்டென்று ஒரே இழுப்பு. வெளியே வந்துவிட்டது. கத்த நேரமில்லாததால் கத்தவில்லை. "நல்ல ஈ இது, இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அதையே எனக்குத் தந்தார். முந்தின இரவு மீன் பிடித்த ஈ. இந்தச் சான்றை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இனி இரண்டாம் ஈ. தீவில் கொடை எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நான் கண்ட நூற்பா இது:

தின்றது போக நின்றது கொடையே.

இதன் பொருள் வெளிப்படை. ஆனாலும் உரை இல்லாமல் நூற்பாவை விட்டுவைப்பது நம் மரபல்ல. கரையில் நிற்பவர்கள் தவமிருப்பது ஸ்ட்ரைப்ட் பாஸுக்காக. உடல் நெடுக வரி ஓடும் வெள்ளி மீன். மீனவளம் குறைந்து வருவதால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே மீன்தான் வைத்துக்கொள்ளலாம். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31ஐத் தொடவும் கூடாது. 27 அங்குலம் திரும்பத் தண்ணீருக்கு; 31 அங்குலமும் தண்ணீருக்கு. கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைப் போல அளவு நாடாவோடு நிற்கிறார்கள். அளவுக்குள் அமைந்தது நாலைந்து கிலோ தேறும். பொழுதுபோக்காகப் பிடித்ததை விற்கக் கூடாது என்பது சட்டம். வீட்டில் இருப்பதோ கணவனும் மனைவியும் மட்டும், அதில் ஒருவருக்கு மீன் பிடிக்காது. விற்க முடியாது, தின்று தீராது, எறிய மனமில்லை. மூன்று வழியும் அடைத்தபின் நாலாவது வழி பக்கத்து வீட்டுக் கதவு.

ஈண்டு ஒரு தடை எழும். வேண்டாததைத் தள்ளிவிடுவது கொடையா? அது கழித்துக்கட்டல் அல்லவா? தடை எழுப்புவோர் காட்டும் சான்று ப்ளூஃபிஷ். எண்ணெய்ப் பசை மிகுந்த மீன். பிடித்த கையோடு ரத்தம் வடித்து ஐஸில் புதைக்காவிட்டால் மாலைக்குள் தன் வருகையைத் தானே தெருவுக்கு அறிவிக்கும். இதைக் கொடுக்க வருகிறவர் நடையில் ஒரு வேகம் இருக்கும், உட்காரமாட்டார், கையில் திணித்துவிட்டு, நாம் மறுக்க வாயெடுக்குமுன் படியிறங்கிவிடுவார். அதிகாலையில் வாசலில் ஐஸ் பெட்டி மட்டும் இருந்து, கொடையாளி யாரென்றே தெரியாமல் போன நாளும் உண்டு. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத கொடை என்று எண்ணியிருந்தேன். மகள் சிரித்தாள். "அப்பா, திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதே என்று பேர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்."

தடை வலுவானதுதான். ஆயினும் நில்லாது. என் காதிலிருந்து கழற்றித் தந்த ஈ வேண்டாத பொருளா? முந்தின இரவு மீன் பிடித்த ஈயை எவனும் எளிதில் விட்டுத்தருவதில்லை. இன்னொன்று: இந்தத் தீவில் 1946 முதல் மீன்பிடிப் போட்டி நடக்கிறது. 'டெர்பி' என்பார்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கி ஐந்து வாரம். எட்கர்டவுன் துறைமுகத்துக் கொட்டகையில் காலை எட்டிலிருந்து பத்துவரை, இரவு எட்டிலிருந்து பத்துவரை எடை போடுவார்கள். தூக்கம், வேலை, இல்லறம் மூன்றும் அந்த ஐந்து வாரமும் விடுமுறை. அங்கே வரும் மீனில் பலர் கொடுத்துவிட்டுப் போவதைத் துண்டு போட்டுத் தீவின் முதியவர்களுக்கு அனுப்புகிறார்கள். கரையில் நிற்க முடியாதவர் வீட்டு அடுப்புக்கும் டெர்பி மீன் போகிறது. இதைக் கழித்துக்கட்டல் என்பவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்.

வெஸ்ட் டிஸ்பரி ஊர்க் குப்பைக்கிடங்கில் ஒரு சிறு கொட்டகை உண்டு. 'டம்ப்டீக்' என்று பெயர். வேண்டாத துணிமணியை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம், காசு இல்லை. குளிருக்கு ஒரு மேலங்கியை அங்கேயிருந்து எடுத்துவந்தேன். அடுத்த வாரம் தபால் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சரியாக இருக்கிறது, எனக்குத் தோளில் பிடித்தது" என்றார்.

என் சொந்தப் பங்களிப்பு ஒன்றும் இந்த ஆய்வில் உண்டு. அக்கரையில் எல்லாரும் பித்துப் பிடித்துத் துரத்தும் இன்னொரு மீன் ஃபால்ஸ் அல்பகோர், செல்லமாக 'ஆல்பி'. நூலை நூறு கெஜம் இழுத்துக்கொண்டு ஓடும். அரும்பாடு பட்டுக் கரைக்கு இழுத்து, முத்தம் கொடுக்காத குறையாகப் படம் எடுத்து, திருப்பி விட்டுவிடுவார்கள். ஏன்? தின்ன ஆகாதாம், ரத்த வாடையாம். முதல்முறை பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அது நம் சூரை! ஒரே பேரினம், பங்காளி முறை. தூத்துக்குடியில் இதை விட்டுவிட்டு வந்தவனை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அடுத்ததை எனக்குத் தாருங்கள் என்றேன். பெரியவர் பூனைக்கென்று நினைத்து, வருத்தத்தோடு கொண்டுவந்து தந்தார். உடனே ரத்தம் வடித்து, கறுப்புச் சதையை நீக்கி, புளி கரைத்து, மாமியார் வீட்டு முறைப்படி குழம்பு வைத்தேன். ஒரு கிண்ணம் அவர் வீட்டுக்குப் போனது. கிண்ணம் திரும்பியபோது அதில் பீச் பிளம் ஜெல்லி இருந்தது. நாம் விடுவோமா? வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது நமக்கும் வழக்கமில்லையே. அந்தக் கிண்ணம் அக்டோபர் முழுக்க இரு வீட்டுக்கும் நடுவே ஓடியது. அது யார் வீட்டுக் கிண்ணம் என்பதில் இப்போது இரு தரப்புக்கும் ஐயம்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். மீன் தருவார்கள், ஈ தருவார்கள், தொட்டி தருவார்கள், தோளில் பிடித்த அங்கி தருவார்கள். ஒன்று மட்டும் தரமாட்டார்கள்.

மீனும் ஈவர் இறகும் ஈவர்
தொட்டியும் ஈவர் உடுக்கையும் ஈவர்
எங்கெனக் கேட்பின் ஈயார் மாதோ.

மீன் எங்கே கிடைத்தது? இந்தக் கேள்வியைப் பெரியவரிடம் பல காலைகளில் கேட்டேன். நன்னூலார் விடை எட்டு வகை என்றார். "சொல்வதற்கில்லை" என்றார் ஒருநாள்: மறை. "நீங்களே நடந்து பாருங்களேன்" என்றார் மறுநாள்: ஏவல். "காப்பி குடிக்கிறீர்களா?" என்றது வினா எதிர் வினாதல். "முழங்கால் வலிக்கிறது" என்றது உற்றது உரைத்தல். "இன்றைக்கும் நின்றால் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்" என்றது உறுவது கூறல். "சிப்பி கிடைக்கும் இடம் வேண்டுமானால் சொல்கிறேன்" என்றாரே, அது இனமொழிக்கு நான் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. எட்டில் ஆறு வந்துவிட்டன. சுட்டும் நேரும் கடைசிவரை வரவில்லை. டெர்பி நாட்களில் வண்டியை ஒரு கரையில் நிறுத்திவிட்டு வேறு கரைக்கு நடந்து போகிறவர்களும் உண்டென்று சொன்னார்கள். சொன்னவர் வண்டி எங்கே நின்றது என்பதை நான் கேட்கவில்லை.

இதை மறைப்பதில் பொருள் என்ன? லாப்ஸ்டர்வில் கரை எல்லாருக்கும் தெரியும். தென்மேற்குக் காற்று முதுகுப்பக்கமிருந்து வீசுவதால் ஈ வீசத் தோதான இடம். டாக்ஃபிஷ் பார் தெரியும், வேஸ்க்வீ முனை தெரியும். மறைப்பது கரையை அல்ல. எந்தப் பாறைக்கு அப்பால், வற்று நீரிலா ஏறு நீரிலா, எந்த நாழிகையில் என்பதை. அதாவது நிலமும் பொழுதும். அகத்திணை படித்தவர்களுக்கு உடனே விளங்கும்: நிலமும் பொழுதும் முதற்பொருள், மீன் வெறும் கருப்பொருள். கருப்பொருளை ஈவர், முதற்பொருளை ஈயார். மீனைக் கொடுத்தால் ஒரு மீன் போகும். முதற்பொருளைக் கொடுத்தால் அடுத்த வாரம் அந்தப் பாறையில் பதினைந்து பேர் நிற்பார்கள், பதினாறாவதாகக் கொடுத்தவனே நிற்பான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியிடம்கூட எவரும் இதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம், ஓரிரவில், ஓரிடத்தில், அந்தக் காது ஈயாலேயே எனக்கு ஒரு ஸ்ட்ரைப்ட் பாஸ் விழுந்தது. 29 அங்குலம். காலையில் பாதியைத் துண்டு போட்டு, நம் கிண்ணத்தில் (அல்லது அவர் கிண்ணத்தில்) பெரியவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பார்த்ததும் முகம் மலர்ந்தார். கையைக் குலுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கே?" என்றார்.

"முழங்கால் வலிக்கிறது" என்றேன்.

அன்று மாலை மாப்பிள்ளையும் கேட்டார்: "மாமா, எனக்காவது சொல்லுங்களேன்." காப்பி போடட்டுமா என்று கேட்டேன்.

அடுத்த செப்டம்பரிலும் அங்கேதான் இருப்பேன். இவ்வாய்வைச் சரிபார்க்க விரும்பும் அறிஞர்கள் தாராளமாக வரலாம். மீன் உண்டு, குழம்பு உண்டு. கையோடு ஒரு பாத்திரம் கொண்டுவாருங்கள், வெறுமையாக வேண்டாம். எந்தக் கரை என்று மட்டும் கேட்காதீர்கள். முழங்கால் இன்னும் சரியாகவில்லை.