அதுக்குப் பதிலா அண்ணாச்சி

அண்ணாச்சி வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. முதல் தடவை போகிறவர்கள் ஒரு வகை; தங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகைக்கு மாறி நாலு வருஷம் ஆகிறது.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் குறைக்க மாட்டார். விடச் சொன்னால் விட மாட்டார். திருத்துவார். நெய்க்கு ஒரு மாற்று, சர்க்கரைக்கு ஒரு மாற்று, மைதாவுக்கு ஒரு மாற்று என்று உள்ளே இருக்கும் ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராக மாற்றிவிட்டு, வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் பழையபடி விட்டுவைப்பார். நாம் அதே பெயரைச் சொல்லி அதே முகத்தோடு சாப்பிட வேண்டும். எங்கள் நியூஜெர்சி வட்டாரத்துக்கு அந்தப் பதவியை வகிப்பவர் அண்ணாச்சி. எந்தப் பேச்சையும் ‘அதுக்குப் பதிலா’ என்றுதான் தொடங்குவார். அதுவே பெயராகிவிட்டது.

பிறந்தது திருநெல்வேலி. நல்ல அல்வாவை உள்ளங்கையில் வைத்தால் நெய் முழங்கை வரைக்கும் வழிய வேண்டும் என்று ஒரு காலத்தில் இலக்கணம் சொன்னவர். நாலு வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு செய்தி வந்தது. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் எல்லைக்கோடு, தாண்டினால் அந்தப் பக்கம் என்றார் டாக்டர். இரண்டாவது செய்தி, கல்லூரியில் இருந்த மகள் போன் பண்ணி, “அப்பா, நான் வீகன் ஆயிட்டேன்” என்றது.

“நாமதான் தலைமுறை தலைமுறையா சைவமாச்சே, இவ என்ன புதுசா ஆகுதது?” என்றார் மதினி. அண்ணாச்சி விளக்கினார். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் கூட்டாளிகளும் சேர்ந்து, ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி ‘வீகன்’ என்று ஆக்கினார்கள். நடுவில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். நடுவில் இருந்தது தயிர்சாதம் என்பது மதினியின் கட்சி.

அன்றைக்கு ஆரம்பித்தது. காப்பியில் பாலுக்குப் பதிலா ஓட்ஸ் பால். பொங்கலில் அரிசிக்குப் பதிலா கினோவா, நெய்க்குப் பதிலா அவகாடோ எண்ணெய், முந்திரிக்குப் பதிலா பூசணி விதை. மிளகு மட்டும் மிளகாகவே இருந்தது. அதைக் கடித்தபோது பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று கவனித்தேன். இட்லி வீகன். சுண்டல் வீகன். திருநெல்வேலிச் சொதி, தேங்காய்ப்பாலில் மிதக்கிற அப்பட்டமான வீகன். இதையெல்லாம் செய்து போட்டாலே மகளும் சந்தோஷமாகச் சாப்பிடுவாள், நாங்களும் அடித்துப்பிடித்துச் சாப்பிடுவோம். ஆனால் அவற்றில் அண்ணாச்சிக்கு அக்கறையே இல்லை. ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிற பண்டத்தில் சீர்திருத்தவாதிக்கு என்ன வேலை?

அவருடைய மொத்தச் சீர்திருத்தத்துக்கும் எவரெஸ்ட் என்றால் அது கேரமல் ஆப்பிள்தான்.

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆப்பிள் தோட்டம் போவது ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை போகிற மாதிரி. சித்ரான்னம் முதல் மடக்கு நாற்காலி வரை கட்டிக்கொண்டு போவோம். வாசலில் காசு கொடுத்துப் பை வாங்கி, மரம் மரமாக நின்று படம் எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்குத் தீராத ஆப்பிளைச் சுமந்து வருவோம். தோட்டத்துக் கடையில்தான் அந்த வஸ்து இருக்கும்: முழு ஆப்பிளின் காம்புக் குழியில் குச்சி செருகி, கொதிக்கும் கேரமலில் முக்கி, வேர்க்கடலைப் பொடியில் உருட்டி நிறுத்தியிருப்பார்கள். அண்ணாச்சி மகளுக்கு அஞ்சு வயதிலிருந்து வருஷா வருஷம் அது ஒன்று வாங்கியாக வேண்டும். வீகன் ஆன பிறகு அவள் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே கடந்து போனாளாம். அப்பன் மனசு கேட்குமா?

கேரமல் ஆப்பிளின் ஜாதகமே அண்ணாச்சியிடம் இருக்கிறது. அதற்கு மூத்தது, சிவப்புப் பாகில் முக்கிய மிட்டாய் ஆப்பிள். அதை 1908-ல் முதலில் செய்தவர் இதே நியூஜெர்சியின் நியூவார்க் நகரத்து மிட்டாய்க்காரர் வில்லியம் கோல்ப் என்பார்கள். கேரமல் ஆப்பிள் 1950-களில் வந்தது. கிராஃப்ட் கம்பெனி ஊழியர் டான் வாக்கர், ஹாலோவீனுக்கு விற்று மிஞ்சிய கேரமல் மிட்டாய்களை உருக்கி ஆப்பிளை முக்கிப் பார்த்ததாகக் கதை. “பாத்தீரா வே, பாவம் ஆரம்பிச்சது நம்ம ஜெர்சியிலதான். கழுவுத பொறுப்பும் நமக்குத்தான்” என்பார் அண்ணாச்சி.

கழுவப் புறப்பட்ட முதல் வருஷம், பேரீச்சம்பழ விழுதில் ஆப்பிளை முக்கினார். கேரமல் ஒட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரையும் வெண்ணெயும் க்ரீமும் சேர்ந்து 118 டிகிரி செல்சியஸ் பக்கம் வரைக்கும் கொதித்து, ஈரம் வற்றி, ஆறும்போது இறுகும். விழுதுக்கு அந்தப் பதம் ஏது? போதாததற்கு, கடையில் வாங்கிய ஆப்பிளுக்கு மெழுகு வேறு பூசியிருந்தது. மழையில் ஊறிய மண்சுவர் மாதிரி விழுது மெதுவாகச் சரிந்து, தட்டில் உட்கார்ந்தது. ஆப்பிள் குளித்துவிட்டு வந்த குழந்தைபோல் நின்றது.

இரண்டாம் வருஷம் கெட்டித் தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சினார். ஆப்பிளை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, மெழுகைத் துடைத்து, பாகில் சுழற்றினார். பிடித்துக்கொண்டது. எப்பேர்ப்பட்ட ருசி! எல்லோரும் இரண்டாவது கேட்டோம். அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. ருசியாக இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். கணக்குப் போட்டார். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெய்க் கொழுப்பில்கூட ஆறு பங்கு சொச்சம்தான். வெல்லம் என்றாலும் சர்க்கரைதான். “வீகன் ஆயிருக்கு வே, ஆரோக்கியம் ஆகலை” என்று அந்தச் செய்முறையைக் கிழித்துப் போட்டார். எங்களில் இரண்டு பேர் குப்பைக் கூடையில் தேடிப் பார்த்தோம்.

மதினி ஒருமுறை யோசனை சொன்னார்: “கொஞ்சம் தேன் விடுங்களேன், ஒட்டும்.”

“தேன் தேனீயோட உழைப்பு. வீகன்ல கிடையாது.”

“அப்ப வெள்ளைச் சீனி? அது கரும்புதானே?”

“இந்த நாட்டுல சில ஆலையில கரும்புச் சீனியை வெளுக்க மாட்டெலும்புக் கரியில வடிகட்டுதான்.”

மதினி கரண்டியைக் கீழே வைத்தார். “இருபது வருஷமா விரதத்துக்கு இதுலதானே பாயசம் வச்சேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில், அடுத்த ஒரு வாரம் அண்ணாச்சி வீட்டு உணவுக் கொள்கை எதுவும் வெளியிடப்படவில்லை.

இந்த வருஷம் அக்டோபர் கடைசி சனிக்கிழமை. மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். காலையில் தோட்டம் போனோம். கிரானி ஸ்மித் மரத்தடியில் நின்று மதினி கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்: உப்பும் மிளகாய்த்தூளும். பச்சை ஆப்பிள் என்றால் கிளிமூக்கு மாங்காய்ப் புளிப்பு. தொட்டுத் தொட்டு அம்மாவும் மகளும் ஆளுக்கொன்று தீர்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் அன்றைக்கு இருந்த முதல்தரமான வீகன் பலகாரம் அதுதான். அண்ணாச்சி அதைப் பார்க்கவே இல்லை. அவர் கடைக்குள், கேரமல் ஆப்பிள் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சமையலறை அவர் வசம். மேடையில் நோட்டு திறந்திருந்தது. பக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘அது’, வலப்பக்கம் ‘பதிலா’. பன்னிரண்டு மெஜூல் பேரீச்சை, இரண்டு கரண்டி பாதாம் வெண்ணெய், ஓட்ஸ் பால், வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. மெஜூலுக்கும் ஜாதகம் வைத்திருந்தார். பூர்வீகம் மொராக்கோ. அங்கே மரங்களை நோய் தாக்கியபோது, 1927-ல் பதினோரு கன்று அமெரிக்கா வந்தது. நெவாடாவில் வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்து ஒன்பதைப் பிழைக்க வைத்தார்கள். “அப்படியும் எனக்கு முன்னால அதுக்கு கிரீன் கார்டு கிடைச்சிட்டு வே” என்றபடி பழத்தை மிக்ஸியில் போட்டார்.

ஊரிலிருந்து சொல்லி வைத்து வாங்கி வந்த 110 வோல்ட் மிக்ஸி. முதல் சுற்றில் உறுமியது. இரண்டாவது சுற்றில் ‘கடகடகட’ என்று ஒரு சத்தம். பதினோரு பழத்தில் கொட்டை எடுத்திருக்கிறார். அதை விரலால் துழாவி எடுத்து, மறுபடி ஓட்டி, விழுது ஜாரின் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றதும் ஓட்ஸ் பால் விட்டு, மிக்ஸி அடிப்பாகம் சுட்டு லேசாக ரப்பர் வாடை வந்தபோதுதான் நிறுத்தினார். நிறம் மட்டும் சத்தியமாகக் கேரமல்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணாச்சி, ஒரு மெஜூல்ல எவ்வளவு சர்க்கரை?”

“பதினாறு கிராம்.”

“பன்னிரண்டுக்கு?”

அண்ணாச்சி மனக்கணக்கில் புலி. ஆனால் அன்றைக்கு நேரம் எடுத்துக்கொண்டார். “நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு.”

“ஒரு கப் வெள்ளைச் சீனி?”

“இருநூறு.” கொஞ்ச நேரம் மிக்ஸி ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது. “எட்டு கிராம் லாபம் பாத்தீரா? நார்ச்சத்து வேற பத்தொம்பது கிராம் இருக்கு. சீனியில நார் உண்டா? சொல்லும்!”

இல்லை. நியாயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு ஆப்பிளுக்கும் குச்சி செருகி, வெந்நீரில் முக்கித் துடைத்து, விழுதைக் கரண்டியால் மெழுகி ஃப்ரிட்ஜில் ஏற்றினார். இரண்டு மணி நேரம் கழித்துச் சபை கூடியது. மகள் முதலில் கடித்தாள். பல் பட்ட இடத்தில் ஆப்பிள் வந்தது. விழுது ஒரே சட்டையாகக் கழன்று அவள் மணிக்கட்டில் காப்பு மாதிரி இறங்கியது. பெண் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “நல்லாருக்குப்பா” என்றாள். எழுந்துபோய் விழுதை ஒரு கிண்ணத்தில் வழித்து வைத்து, ஆப்பிளைக் குழாயில் காட்டிக் கழுவி, வெறும் ஆப்பிளை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றாள். நாங்களும் ஒவ்வொருவராக அந்தக் குழாயடிக்குப் போய் வந்தோம்.

“பாரும் வே! ஆறு பேரும் முழுசா ஆளுக்கொரு ஆப்பிள் தின்னாச்சு. வேற எப்படிக் குடுத்தாலும் தின்பீரா? திட்டம் வெற்றி” என்றார் அண்ணாச்சி. மறுக்க வழியில்லை.

மதினி பேசாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதில் இரண்டு வாழைப்பழம் பிசைந்திருந்தது. ஏலக்காய் மணந்தது. ஊரிலிருந்து வந்த கற்கண்டு அங்கங்கே பல்லில் நொறுங்கியது. ஒரு வாய் போட்டதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பழனி மலை ஞாபகம் வந்தது. கிண்ணம் ஒரு சுற்று வந்து, இரண்டாம் சுற்று பாதியில் தீர்ந்தது. மகள் அடியை விரலால் வழித்தாள்.

அண்ணாச்சி ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நாலு வருஷத்தில் அவர் சாப்பிடும்போது கண் மூடி நான் பார்த்ததில்லை. பிறகு சட்டென்று நோட்டை இழுத்தார். ‘அது’ பக்கத்தில் ‘பஞ்சாமிர்தம் - தேன், நெய்’ என்று எழுதினார்.

“தேனுக்குப் பதிலா என்ன போட்ட?”

“பேரீச்சம்பழமே இனிக்கே. ஒண்ணும் போடலை.”

“சரி, நெய்க்குப் பதிலா?”

“அதுக்கும் ஒண்ணும் போடலை.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

அண்ணாச்சி பேனாவைப் பிடித்தபடி அந்த வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாத செக்கைப் பார்க்கிற பார்வை. நாங்கள் மூச்சுவிடவில்லை. மனுஷர் திருந்திவிடுவார் என்றே ஒரு கணம் தோன்றியது.

அப்புறம் குனிந்து எழுதினார்: ‘ஓட்ஸ்?’