ஆள் இல்லாத ஆஜர்

(உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். பெரியம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தங்கை மகனுக்குச் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மதியம், திண்ணையில் லேப்டாப்.)

பெரியம்மா: இன்னாடா இது, படமே காணோம்? கறுப்புல எழுத்து மட்டும் ஓடிக்கினு இருக்குது. இதுக்கா சம்பளம்?

மகன்: பிரவுசர் திரை இல்லாமலே ஓடுது பெரியம்மா. ஹெட்லெஸ். 2017-ல குரோம் 59-லயே வந்துடுச்சு. ஆளு நிக்கிற இடத்தைப் பார்த்து, பக்கத்துல இருக்கிற கடையைக் காட்டுற சைட்டு இது. சரியா காட்டுதான்னு பாக்குறேன்.

பெரியம்மா: அப்ப ஊர் ஊரா போவணுமே?

மகன்: எதுக்கு? 12.61, 79.76-ன்னு குடுத்தா உத்திரமேரூர். 51.5, மைனஸ் 0.12-ன்னா லண்டன். பிளேரைட்டுன்னு டெஸ்டிங் டூல் இருக்கு, அதுல ஒரு வரி வேலை.

பெரியம்மா: சொன்னா நம்பிடுமா?

மகன்: இடத்தைச் சொல்லலாமான்னு அனுமதி கேக்கும். பொத்தானை அமுக்க ஆளு ஏது? அதையும் நானே முன்னாடியே குடுத்துடுவேன்.

பெரியம்மா: நல்லா இருக்குடா! பொய் சொல்றவனும் நீ, தலையாட்டுறவனும் நீ.

மகன்: நம்ம ஊரு எண்ணு ரெண்டையும் முன்பின்னா போட்டா, நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுல, பனிக்கு நடுவுல போய் நிக்கும். அங்க உனக்கு இன்னா வேலைன்னு பிரவுசர் கேக்காது.

பெரியம்மா: எங்க வேலை ஆப் என்னை மட்டும் கேக்குதே! 2023 ஜனவரியிலருந்து ஏரி வேலையில தினம் ரெண்டு வேளை போட்டோ. நேரம், இடம் எல்லாம் அதுல பதியணும். மம்முட்டியோட சேத்துல நின்னாலும், போட்டோ ஏறலைன்னா நான் வரவே இல்லையாம்.

மகன்: முறைகேடு நடக்கக் கூடாதுன்னுதான்...

பெரியம்மா: நின்னுதா?

மகன்: (மெல்ல) போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறாங்கன்னு 2025 ஜூலையில மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு.

பெரியம்மா: பாத்தியா! நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுல, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில பேரு போட இன்னா கேட்டிருக்காங்க?

மகன்: வரி கட்டுற கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, வயசு 35-லருந்து 70-க்குள்ள. பராந்தகச் சோழன் காலம்.

பெரியம்மா: உன் பிரவுசருக்கு வீடும் இல்ல, மனையும் இல்ல. ஓலையைக் குடத்துகிட்டயே விட்டிருக்க மாட்டாங்க. சரி, அந்த ஒரு வரியை என் போன்ல எழுதிக் குடு. வீட்டுலருந்தே ஏரிக்கரையில நிக்கிறேன்.

மகன்: ஐயோ, அது மோசடி பெரியம்மா!

பெரியம்மா: நீ செஞ்சா டெஸ்ட்டு, நான் செஞ்சா மோசடியா? வண்டியை எடு, ரெண்டாவது போட்டோவுக்கு நேரமாச்சு.