வாய்க்கு வரும் புத்தகம்

கேள்வி: கொல்லிமலை எடப்புளி நாட்டில் நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாட்டுப் படப் புத்தகம் வாங்கலாம்?

பதில்: முதலிடம் அழ. வள்ளியப்பாவுக்கு (1922–1989). 1944-இல் 'மலரும் உள்ளம்' என்ற குழந்தைப் பாடல் தொகுப்பைத் தந்த இவர் வங்கிக்காரர். கணக்குப் பிசகினால் வேலை போகும், தாளம் பிசகினால் பிள்ளை எழுந்து ஓடும்; இரண்டிலும் அவர் கெட்டி. தமிழ்ப் பாட்டில் ஓசை வரியின் கடைசியில் மட்டுமல்ல, தலையிலும் உண்டு. ஒரு வரி 'பட்டம்' என்று தொடங்கினால் அடுத்த வரியில் 'வட்டம்' காத்திருக்கும். அங்கே வாசிப்பவர் சற்று நிறுத்தினால் பிள்ளையே சொல்லை எடுத்துக் கொடுக்கும். அப்படி எடுத்துக் கொடுக்க வைக்காத புத்தகம் அலமாரிக்குத்தான் அழகு. ஆங்கில மெட்டுக்குள் தமிழைத் திணித்த புத்தகங்களும் விற்கின்றன. படித்தால் நாக்கு சுளுக்கும்.

படத்துக்குச் சென்னை தூலிகா பதிப்பகம் நல்ல தேர்வு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் புத்தகம் வருவதற்குள் அச்செடுத்தே விடலாம். பலாவும் மிளகுக்கொடியும் படத்தில் இருந்தால் மலைப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கம். எதுவானாலும், ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.