இருபத்தொரு நாள்

மண்ணால் எழுப்பிய ஒரு பள்ளிவாசலின் பெயரைத்தான் எங்கள் ஊர் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. மலாக்காவின் மஸ்ஜித் தானா, அதாவது மண் பள்ளிவாசல். அந்தச் சுவருக்கு எந்த எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார், எத்தனை பிரதி பிளான் கொடுத்தார்கள், பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டார்களா என்று இருபத்திரண்டு வயதில் நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். கிண்டலாகக் கேட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம், உண்மையாகவே கவலைப்பட்டேன். அது அப்படிப்பட்ட வயது.

பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். அங்கே வீட்டுக்கு அனுமதி என்பது துரையின் வாயில் புறப்பட்டு, கிராணியின் நோட்டில் ஏறி, விடியாத நேரத்தில் பெரட்டுக் களத்தில் கங்காணியின் குரலாக வந்து இறங்கும். "பதினாலாம் நம்பர் காலி, போய்க்கோ" என்றால் போய்க்கொள்ள வேண்டியதுதான். ஒரு திண்ணை, ஓர் அறை, ஓர் அடுப்படி, மரக்கதவு போட்ட ஒற்றைச் சன்னல். பலகைத் தடுப்பு கூரைவரை போகாது, ஆகவே பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் ஒரு கை சோறு கூடுதலாக இறங்கும். தோட்டத் தொழிலாளர் வீடு குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. அது எங்கள் செம்மண் சடக்கைக் கண்டுபிடித்து வந்து சேர்வதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது. வீடு எங்களுடையதா என்று யாரும் கேட்டதில்லை. செக்ரோல் என்ற ஆள்கணக்கேட்டில் பெயர் இருக்கும்வரை கூரை இருக்கும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வயதாகி, பால் வாளியைக் கீழே வைக்கும் நாள் நெருங்கியபோதுதான் நிலம் என்ற சொல்லே வீட்டுக்குள் நுழைந்தது. சுற்றிலும் நிலம்தான், ஆனால் மலாக்கா மரபு நிலத்தை இந்த மாநிலத்து மலாய்க்காரர்களே வைத்துக்கொள்ளலாம், மிச்சமோ தோட்டக் கம்பெனிகளுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், நம்மவர்களும் சேர்ந்து நிலம் வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960-ல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு மாதம் பத்து வெள்ளி கட்டிய பெருமையை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கிடைத்தது ஒரு சீனத் தவுக்கேயின் கித்தாக் காட்டு ஓரத்தில் ஒரு மூலை.

வீடு கட்டப் போகிறோம் என்று சொல்ல அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஊர்த்தலைவர் தோக் பெங்கூலுவைப் பார்க்கப் போனார். மலாக்காக் கம்பத்து வீடு, முன்னால் பூ ஓடு பதித்த வளைந்த படிகள். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் அப்பா படியேறியதைப் பார்த்து எனக்குக் கூச்சமாகிவிட்டது. தேநீர் வந்தது, அவித்த மரவள்ளிக் கிழங்கு வந்தது, மழை, கித்தா விலை, யார் வீட்டுப் பையன் தெரெண்டாக் ராணுவ முகாமில் வேலைக்குச் சேர்ந்தான் என்பதெல்லாம் வந்துபோனது. ஒருமணி நேரம் கழித்து அப்பா விஷயத்தைச் சொன்னார். பெங்கூலு பின்பக்கம் திரும்பி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்பா கையை நீட்டிக் காட்டினார். "போலே, போலே", கட்டலாம் கட்டலாம், என்றார் அவர். கூடாது என்று சொல்லியிருந்தால் அப்பீல் செய்ய ஓர் அலுவலகம் கிடையாது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை, கிழங்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

அதே கம்பத்தில்தான் ஒரு நாள், ஒரு வீடு நடந்து போவதைப் பார்த்தேன். கால் வைத்த மரவீடு. மூத்த மகளுக்குப் பக்கத்தில் போகிறோம் என்று கிழவர் ஒருவர் சொல்ல, நாற்பது ஐம்பது பேர் மூங்கில்களைக் குறுக்கே கட்டித் தோள்கொடுத்து, வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உள்ளே தொங்கிய நாட்காட்டிகூடக் கழற்றப்படவில்லை. வீடு போய் உட்கார்ந்த இடம் எந்த லோட், எல்லைக்கல்லிலிருந்து எத்தனை அடி என்று கேட்க அங்கே யாருமில்லை, நானும் என் கைக்குறிப்பேடும் தவிர.

ஏனென்றால் அப்போது நான் டவுனில் மாடிக்கடை ஒன்றில் பிளான் வரைபவனாகச் சேர்ந்திருந்தேன். ட்ரேசிங் பேப்பரில் மை தவறி விழுந்தால் பிளேடு முனையால் காகிதம் நோகாமல் சுரண்டி எடுக்கும் வித்தையும், பிரதி எடுக்கும் யந்திரத்தின் அமோனியா நெடியில் கண் கலங்காமல் நிற்கும் திடமும் வந்துவிட்டதால், உலகமே கோணலாக இருப்பதாகத் தோன்றியது. 1984-ஆம் ஆண்டு கட்டட விதிகள் எனக்கு மனப்பாடம். முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 9.3, மற்றவை 6.5. உயரம் இரண்டரை மீட்டர். சன்னல், தரைப் பரப்பில் பத்து விழுக்காடு. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அப்பா கட்டிய பலகை வீட்டை அளந்து, "சன்னல் பத்தாதுப்பா, சட்டப்படி இது அறையே இல்லை" என்று அறிவித்தேன். அப்பா சன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்டார்: "காத்து வருதா, இல்லையா?" வந்தது. ஆனாலும் குறிப்பேட்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு நான் வேண்டிக்கொண்டபடியே எல்லாம் நடந்தது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் ஏட்டிலிருந்து இறங்கிக் கம்பம் கம்பமாக வந்தது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்க ஒரு மனு, திட்ட அனுமதிக்கு ஒரு மனு, கட்டட பிளானுக்கு ஒரு மனு. எங்கள் அலோர் காஜா மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. 2007-ல் எல்லா மனுவும் ஒரே முகப்பில் என்றார்கள், அதே ஆண்டு கட்டடத் தகுதிச் சான்றிதழான சி.எஃப். போய், அதன் இடத்தில் சி.சி.சி. வந்தது, அப்புறம் முகப்பும் போய்க் கணினி வந்தது. முகப்பில் இருந்த குமாஸ்தா, "வடக்குக் குறி போட மறந்துட்டியே தம்பி" என்று என் பிளானைத் திருப்பித் தள்ளி, கூடவே கீழே தே தாரிக் குடிக்கவும் கூப்பிடுவார். இப்போது திரை 'நடவடிக்கையில் உள்ளது' என்று மட்டும் சொல்கிறது, தேநீருக்குக் கூப்பிடுவதில்லை. நியாயத்தையும் சொல்ல வேண்டும்: அந்தத் தேநீருக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் திரை கேட்பதில்லை. தவுக்கே பிள்ளைக்கும் தண்டல் பிள்ளைக்கும் படிவம் ஒன்றுதான். அப்பாவுக்குக் கிடைத்த 'போலே' பெங்கூலுவின் நல்ல மனசு. என் மகனுக்குக் கிடைத்தது உரிமை. கிழங்கு மட்டும் இடையில் எங்கோ விழுந்துவிட்டது.

இந்த நாற்பது வருடத்தில் என் கையால் எத்தனையோ பேருக்கு அண்டை நில அறிவிப்பு தயாராகிப் போயிருக்கிறது. ஒட்டிய நிலம், இருபது மீட்டருக்கு மேற்படாத சாலையோ சாக்கடையோ பிரிக்கும் நிலம், முட்டுச்சந்து என்றால் இருநூறு மீட்டர்வரை. இருபத்தொரு நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பெங்கூலு ஒரே பார்வையில் பார்த்த தண்ணீர்ப் போக்குக்குச் சட்டம் கொடுத்த மரியாதை அது. சொன்னவர்கள் குறைவு, கடிதத்தை மளிகைக் கணக்கெழுதப் பயன்படுத்தியவர்களே அதிகம்.

போன வருடம் என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கித்தா மரங்கள் சாய்ந்தன. இரண்டு மாடித் தொடர் வீடுகள் வருகின்றன. வாசலில் நாற்காலி போட்டு நான் கடிதத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. "ஊருக்கெல்லாம் எழுதுனீங்களே, உங்களுக்கு யாருங்க எழுதுவா?" என்றாள் மனைவி. திட்டமிடல் சட்டத்தைப் புரட்டினேன், இத்தனை காலம் கண்ணில் படாத ஒரு வரி சிரித்தது. எந்த நிலம் எதற்கு என்று வரைந்துவைக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில்தான் அண்டை வீட்டாருக்கு அந்த அறிவிப்பு. எங்கள் மாவட்டத்துக்குத் திட்டம் உண்டு. அந்த வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்தபோது நானும் மண்டபத்துக்குப் போயிருந்தேன், வெளியே வெயில், உள்ளே குளிர்சாதனம். வண்ணத் தாள்களைச் சுற்றி வந்து, எழுத்தமைப்பைக் குறைசொல்லி, கொடுத்த மிட்டாயை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். என் தெரு இருந்த தாளை மட்டும் பார்க்கவில்லை.

சட்டப்படி அப்படி வைக்கும் வரைபடம் நான்கு வாரமாவது இருக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊரில் வைத்தால் போங்கள். பச்சை எங்கே, மஞ்சள் எங்கே என்று வியந்துகொண்டிருக்காமல், முதலில் உங்கள் வீட்டுத் தெருவைத் தேடுங்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.