ஆயாவுக்கு ரசீது உண்டா?

பிரிட்டனில் 2018 அக்டோபர் வரை புதிதாகச் சேர்ந்தவர்கள், வாரம் 55 பவுண்டு வரை வரியில்லாமல் குழந்தைப் பராமரிப்பு வவுச்சராக வாங்கலாம். பதிவுபெற்ற ஆயாவுக்கே அதைக் கொடுக்கலாம்.

திருவண்ணாமலை ஆயா கேட்பது ரொக்கம். கூடவே பௌர்ணமிக்கு லீவு.

நம் வருமான வரி விதிகள், பிள்ளையின் படிப்புப் படிக்கு மாதம் 100 ரூபாய் விலக்கு என்று பல்லாண்டு தாராளம் காட்டின. பழைய வரிமுறையில் பிளே ஸ்கூல் கட்டணத்தையும் கழிக்கலாம். அதே பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைப்பவரின் சம்பளத்துக்குச் சலுகை கிடையாது. அவர் ரைம்ஸ் சொல்லித்தரவில்லையே!

50 பேராவது வேலைசெய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது 2017 மகப்பேறு சட்டத்திருத்தம். மாடவீதிப் பூக்கடையில் 50 பேருக்கு எங்கே போவது? அங்கே கைகொடுப்பது அங்கன்வாடிதான். கட்டணமே இல்லை, ஆகவே வரியில் கழிக்கவும் ஒன்றுமில்லை.